கியூனி ஏசாப்: முழுநேரம் சேர்ந்தால் என்ன கிடைக்கும், எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஜமைக்கா செந்தில்
வணக்கம். மகளுக்கு வரும் ஃபால் செமஸ்டருக்குக் குவீன்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. அது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான கியூனியின் இரண்டாண்டுக் கல்லூரி. கூடவே, இரண்டாண்டுப் பட்டத்தை முழுநேரமாகப் படித்து முடிக்கக் கைகொடுக்கும் கியூனியின் 'ஏசாப்' திட்டத்தில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல். வீட்டில் நாலு பேர், எல்லோருக்கும் கிரீன் கார்டு. 2024 வரிக் கணக்குப்படி வருமானம் 88,000 டாலர். இந்த வருமானத்துக்கு எந்த உதவியும் வராது, விண்ணப்பம் போடுவதே வெட்டி வேலை என்கிறார்கள் தெரிந்தவர்கள். அப்படியென்றால் ஏசாப்பில் சேர்ந்து என்ன லாபம்? முழுநேரம் படித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை வேறு இருக்கிறது.

கணக்கு வழக்கு
செந்தில் சார், வெட்டி வேலை இல்லை. கட்டாயம் போடுங்கள்.

88,000 என்பது மொத்த வருமானம். மாநில உதவியான டாப், நியூயார்க் வரிப் படிவத்தில் கழிவுகள் போக நிற்கும் நிகர வருமானத்தைத்தான் பார்க்கும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் நிலையான கழிவு 16,050. பிள்ளை ஒன்றுக்கு 1,000. இரண்டு பிள்ளைகள் என்றால் உங்கள் எண் 70,000ஐ ஒட்டி வரும். உச்சவரம்பு முன்பு 80,000. 2024-25 முதல் 125,000. குறைந்தபட்ச டாப் தொகையும் 500லிருந்து ஆண்டுக்கு 1,000 ஆகிவிட்டது. ஆக உங்கள் மகளுக்கு டாப் உண்டு. மத்திய அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்ட் கொஞ்சம் வரலாம், சேமிப்பு அதிகமிருந்தால் வராமலும் போகலாம்.

கியூனி கம்யூனிட்டி காலேஜ்களில் நகரவாசிக்கு முழுநேரக் கட்டணம் செமஸ்டருக்கு 2,400 டாலர், ஆண்டுக்கு 4,800. மாணவர் கட்டணம் என்று சில்லறைத் தொகைகள் தனி. டாப் வெறும் 1,000 தான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், மீதி 3,800ஐ யார் கட்டுவது? அங்கேதான் ஏசாப் வருகிறது. பெல், டாப் இரண்டில் ஏதாவது ஒன்றாவது கிடைக்கும் மாணவருக்கு, உதவிக்கும் கட்டணத்துக்கும் நடுவில் விழும் துண்டை ஏசாப் தள்ளுபடி செய்துவிடும். உதவித் தகுதியே இல்லாதவருக்கு இந்தத் தள்ளுபடி இல்லை, மற்ற சலுகைகள் உண்டு. அதனால் அந்த 1,000 டாலர் டாப்பை அற்பமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். உங்கள் மகளின் கணக்கில் தள்ளுபடி எவ்வளவு வரும் என்று வளாகத்தின் ஏசாப் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்சாவும் மாநிலத்தின் டாப்பும் வெவ்வேறு விண்ணப்பங்கள். ஃபாஃப்சா முடித்ததும் வரும் உறுதிப் பக்கத்தில் டாப்புக்கான இணைப்பு இருக்கும். பலர் 'அப்பாடா' என்று அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். மூடிவிட்டால் டாப்பை வழங்கும் மாநில அமைப்பான எச்.இ.எஸ்.சி.யின் தளத்துக்கு நேரே போய்ப் போட வேண்டும்.

வானதி
பணக் கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார். படிப்புப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஏசாப் 2007ல் நகர மேயர் அலுவலகத்தின் வறுமை ஒழிப்பு நிதியில் தொடங்கியது. பிராங்ஸ், ஹோஸ்டோஸ், லாகார்டியா, பி.எம்.சி.சி., கிங்ஸ்பரோ, குவீன்ஸ்பரோ ஆகிய ஆறு கம்யூனிட்டி காலேஜ்களிலும், இரண்டாண்டுப் பட்டம் தரும் ஸ்டேட்டன் ஐலண்ட், மெட்கர் எவர்ஸ், சிட்டி டெக் கல்லூரிகளிலும் இருக்கிறது. மாணவரிடம் எதிர்பார்ப்பது: செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு), திட்டம் ஏற்கும் பாடப்பிரிவு, ஆண்டுதோறும் ஃபாஃப்சாவும் டாப்பும், ஆலோசகரைத் தவறாமல் பார்ப்பது. புதிதாகச் சேர்பவருக்கு வழி எளிது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர் 15 கிரெடிட்டைத் தாண்டக் கூடாது, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 2.0 இருக்க வேண்டும். 'முதல் வருஷம் போகட்டும், பிறகு சேரலாம்' என்பது இங்கே செல்லாது. 12 கிரெடிட் வீதம் இரண்டு செமஸ்டர் முடித்தாலே கதவு சாத்தியாகிவிடும்.

பதிலுக்குக் கிடைப்பவை கட்டணத் தள்ளுபடி, பாடப்புத்தக உதவி, மாதப் பயண அட்டை (மெட்ரோகார்டாக இருந்த காலத்தில் 30 நாள் அட்டை 132 டாலர்), முதல் ஆண்டில் சக ஏசாப் மாணவர்களோடு ஒரே தொகுப்பாக அமைத்த வகுப்புகள், டியூஷன், வேலைவாய்ப்பு ஆலோசகர், குளிர்கால, கோடைகால வகுப்புகளுக்கும் ஆதரவு. நர்சிங் போல நுழைவிலேயே போட்டியுள்ள பிரிவுகள் எல்லா வளாகத்திலும் பட்டியலில் இருக்காது. அந்தந்த வளாகப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் தள்ளுபடியைவிடப் பெரிய சொத்து அந்த ஆலோசகர்தான். பயண அட்டையை ஆலோசகர் சந்திப்போடு முடிச்சுப் போட்டிருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அட்டைக்காக வரும் பிள்ளை, கணிதத்தில் தடுமாறுவதை மிட்டெர்முக்கு முன்பே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

ரொக்கம் ரங்கன்
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு எதிர்க்கணக்கு பாருங்கள். நியூயார்க் நகரத்தில் குறைந்தபட்சக் கூலி 2026ல் மணிக்கு 17 டாலர். வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தால் 510. பக்கத்திலேயே 6 கிரெடிட் படித்தால் கிரெடிட்டுக்கு 210 வீதம் செமஸ்டருக்கு 1,260 தான். கையில் காசு, கடன் இல்லை, அனுபவமும் சேரும். 12 கிரெடிட்டைத் தலையில் ஏற்றி, ஒரு வகுப்பில் தோற்று, எல்லாச் சலுகையும் போய் நிற்பதைவிட இது மேல் இல்லையா?

வானதி
ரங்கன் சார், 60 கிரெடிட்டை ஆறாறாகப் பிரித்தால் பத்து செமஸ்டர், ஐந்து வருஷம். இடையில் ஒரு செமஸ்டர்கூட விடுபடாமல் இருந்தால்தான் அதுவும். 6 கிரெடிட்டுக்குப் பெல் பாதியாகக் குறையும். ஏசாப் கிடையவே கிடையாது.

பகுதிநேரம் எல்லோருக்கும் தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாடகையே பிள்ளையின் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்றால் வேறு வழியில்லை. ஆனால் முழுநேரம் போனால் தோற்றுவிடுவார்கள் என்ற பயத்துக்கு எம்.டி.ஆர்.சி. என்ற ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு நல்ல பதில். 2010ல் தொடங்கி மூன்று கியூனி கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் ஏசாப் பக்கம் 40 சதவீதம், மற்ற பக்கம் 22 சதவீதம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம்.

ரொக்கம் ரங்கன்
'சேர விருப்பம்' என்று முன்வந்தவர்கள் இயல்பிலேயே முனைப்புள்ளவர்கள். அவர்கள் எப்படியும் முடித்திருப்பார்கள். அதுவும் நியூயார்க்கில் சப்வே இருக்கிறது, எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

வானதி
விருப்பம் சொன்னவர்களைத்தான் குலுக்கிப் பிரித்தார்கள், ஆகவே முனைப்புள்ளவர்கள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தார்கள். மறுபக்கம் விழுந்த 22 சதவீதமும் அதே முனைப்புக்காரர்கள்தான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் குறைந்த வருமானக் குடும்பத்தினர், அடிப்படை ஆங்கிலமோ கணிதமோ கூடுதலாகத் தேவைப்பட்டவர்கள். பள்ளியில் முதல் மாணவியாக வந்த பெண்ணுக்கும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது, அது நியாயமான ஆட்சேபம். சப்வே விஷயத்துக்கு ஒஹையோ பதில் சொல்கிறது. சின்சினாட்டி ஸ்டேட், குயஹோகா, லொரைன் கவுண்டி ஆகிய மூன்று கல்லூரிகளில் 1,501 மாணவர்களோடு இதே மாதிரியைச் செய்து பார்த்தார்கள். ரயில் அட்டைக்குப் பதில் மாதம் 50 டாலருக்குப் பெட்ரோல் அல்லது மளிகை அட்டை. அங்கே மூன்று ஆண்டில் முடித்தவர்கள் திட்டத்தின் பக்கம் 35 சதவீதம், மற்ற பக்கம் 19.

ரொக்கம் ரங்கன்
சரி, குலுக்கல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் வாரம் 15 மணி நேரமாவது பிள்ளை வேலைக்குப் போகட்டும் என்பேன்.

கணக்கு வழக்கு
15 மணி நேரம் தாராளமாகப் போகலாம், ஏசாப் மாணவர்கள் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். பெண் தோற்பாளா என்பதைவிட நான் கவலைப்படுவது 12 கிரெடிட் என்ற அந்த எண்ணைப் பற்றித்தான். பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே.

பதிவுப் பக்கத்தில் 12 என்று தெரிந்தால் போதாது. டாப்பைப் பொறுத்தவரை அந்த 12ம் அவள் எடுத்திருக்கும் பட்டத்துக்குக் கணக்கில் சேர வேண்டும். பட்டத்துக்குத் தேவையில்லாத ஒரு 3 கிரெடிட் பாடத்தை ஆசைக்கு எடுத்தால், டாப்பின் கண்ணில் அவள் 9 கிரெடிட் மாணவி. அந்த செமஸ்டர் முழுநேர டாப் போச்சு. வேண்டிய பாடத்தில் இடம் தீர்ந்துவிட்டது, காலியாக இருந்ததைப் போட்டுக்கொண்டேன் என்று ஆகஸ்ட் கடைசியில் பதிவு செய்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். ஏசாப் மாணவருக்குப் பதிவில் முன்னுரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தி முதல் நாளே பதியச் சொல்லுங்கள்.

அதேபோல, 'சி' வாங்கித் தேறிய பாடத்தை 'பி' ஆக்கலாமே என்று திரும்ப எடுத்தால் அதுவும் டாப்பின் 12ல் சேராது. அந்தப் பாடத்தோடு 15 ஆக எடுத்தால் பிரச்சினை இல்லை. மேஜர் (முதன்மைப் பாடப்பிரிவு) மாற்றினால் நேற்றுவரை எண்ணப்பட்ட பாடங்கள் இன்று எண்ணப்படாமல் போகலாம். ஆகவே பதிவு செய்த அன்றே, பட்டத் தேவைகளைக் காட்டும் டிகிரி ஒர்க்ஸ் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பாடமும் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டத் தேவைக்குள் சேராத பாடங்களைக் கீழே ஒரு தனிப் பகுதியில் தள்ளியிருக்கும். மகள் எடுத்த பாடம் அங்கே கிடந்தால் செமஸ்டர் தொடங்குமுன் மாற்றியாக வேண்டும்.

நடுவில் பாடத்தை விடுவது இரண்டாவது பள்ளம். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்புத் தேதி உண்டு. பெல் தொகையை அன்றைய கிரெடிட் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பார்கள்: 9 கிரெடிட்டுக்கு 75 சதவீதம், 6க்கு 50. அதற்குப் பிறகு ஒரு பாடத்தை விட்டால் பெல் குறையாமல் இருக்கலாம், ஆனால் பாடத்தை விட்டதைக் காட்டும் 'டபிள்யூ' விழும், தேர்ச்சி வேகம் குறையும், ஏசாப்பின் 12 உடையும். எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பினால் நிலைமை மோசம். செமஸ்டரின் 60 சதவீதத்தைத் தாண்டும் முன் போனால், இருந்த நாட்களுக்கு மட்டுமே பெல் சொந்தம். மீதியைக் கல்லூரி திருப்பிக் கட்டிவிட்டு மாணவர் பெயரில் பாக்கி எழுதிவிடும். அதைத் தீர்க்காவிட்டால் அடுத்த செமஸ்டர் பதிவு தடைபடலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் வகுப்புக்கே போகாமல் இருந்தால் 'டபிள்யூ.என்.' என்று போடுவார்கள், அதாவது ஒருநாளும் வரவில்லை என்று. ஆன்லைன் வகுப்பு எடுத்தவர்கள் இதில் மாட்டுவது வழக்கம். உள்ளே நுழைந்து பார்த்தால் மட்டும் வருகை ஆகாது. ஒரு பயிற்சியையோ விவாதப் பதிவையோ சமர்ப்பித்திருக்க வேண்டும்.

யாழ் பரணி
வணக்கம் எல்லாருக்கும். நல்ல பயனான இழை. என்ர தங்கச்சிக்கு 31 வயது, அசைலம் (அகதித் தஞ்சம்) கிடைச்சிட்டுது, கிரீன் கார்டு இன்னும் வரேல்ல. ஊரில ஏ.எல். (உயர்தரம்) வரைக்கும்தான். பிள்ளையள் ரெண்டு பேர். அவவுக்கு இதெல்லாம் சரிவருமோ, இல்லாட்டி வயசு கூடிப்போச்சோ?

கணக்கு வழக்கு
அக்கா, அசைலம் *கிடைத்தவர்* பெல்லுக்குத் தகுதியானவர், கிரீன் கார்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அசைலம் வழங்கப்பட்டதைக் காட்டும் ஐ-94 (குடிவரவுப் படிவம்) அல்லது நீதிமன்ற உத்தரவு கையில் இருக்கட்டும். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பவருக்குப் பெல் கிடையாது. எஃப்-1, எச்-4 விசாக்காரர்களுக்கும் கிடையாது. தங்கைக்கு 24 வயது கடந்துவிட்டதால் பெற்றோர் வருமானம் தேவையில்லை, தன் குடும்பக் கணக்கு மட்டும் போதும். பிள்ளைகள் இருப்பதால் பெல் முழுத்தொகையை, அதாவது ஆண்டுக்கு 7,395 டாலரை, நெருங்க வாய்ப்புண்டு. ஏ.எல். சான்றிதழுக்கு இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலப் பிரதியை இப்போதே கேட்டு வையுங்கள். அது வந்து சேர நாளாகும்.

ஏசாப்புக்கு வயது வரம்பு இல்லை. அதைவிட அவருக்குப் பொருத்தமானது வேறொன்றும் இருக்கிறது. 2025 ஃபாலில் தொடங்கி, 25 முதல் 55 வயது வரை பட்டம் எதுவும் இல்லாத நியூயார்க்வாசிகளுக்கு சுனி (மாநிலப் பல்கலைக்கழகம்), கியூனி கம்யூனிட்டி காலேஜ்களில் ஆள் தேவை அதிகமுள்ள துறைகளைக் கட்டணமில்லாமல் படிக்க வழி செய்திருக்கிறார்கள். கியூனியில் இதன் பெயர் ரீகனெக்ட். நர்சிங், அதைச் சார்ந்த மருத்துவப் பணிகள், சைபர் பாதுகாப்பு, பொறியியல், பசுமை எரிசக்தி, ஆசிரியர் பற்றாக்குறையுள்ள துறைகள் இதில் அடங்கும். மற்ற உதவி போக மிச்சக் கட்டணம், புத்தகம் எல்லாம் அதில் வரும். பகுதிநேரமும் படிக்கலாம் என்பதுதான் ரெண்டு பிள்ளைத் தாய்க்குப் பெரிய வசதி. ரங்கன் சார் சொன்ன வழி இவருக்குத்தான் சரி.

மதுரைக்காரி
பி.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர்களுக்கும் இந்த ரீகனெக்ட் உண்டா? எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் கேட்கிறார்கள்.

கணக்கு வழக்கு
2025ல் தொடங்கியபோது இருந்த விதிப்படி, பட்டம் இருந்தால் ரீகனெக்ட் இல்லை. பெல்லும் இல்லை: இளங்கலைப் பட்டம் பெற்றவருக்குப் பெல் கிடையாது, வெளிநாட்டுப் பட்டமானாலும் அப்படித்தான். 'அமெரிக்காவில் செல்லாத பட்டம்தானே' என்று ஃபாஃப்சாவில் பட்டமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், பொய்த் தகவலாகிவிடும். ஒரு சந்து உண்டு. மூன்றாண்டுப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்குச் சமமில்லை என்று வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம் எழுத்தில் தந்தால், கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். எடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அந்த மதிப்பீட்டுக்குச் செலவழிக்குமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேலைதான் நோக்கம் என்றால் மதிப்பீட்டில் கிரெடிட்டுகளை மாற்றிக்கொண்டு நேரே நாலாண்டுக் கல்லூரியிலோ சி.பி.ஏ. (கணக்காளர் உரிமம்) பாதையிலோ போவது பி.காம். காரர்களுக்கு நல்லது.

ஜமைக்கா செந்தில்
மிக்க நன்றி. ஃபாஃப்சா நிரப்ப உட்கார்ந்தேன். திருச்சியில் ஒரு மனை, என்.ஆர்.இ. டெபாசிட் கொஞ்சம். இவையும் போட வேண்டுமா? இன்னொரு சிக்கல், என் பெயர் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் சேர்ந்து நீளமாக இருக்கிறது, வரித் தாக்கலில் சுருக்கமாக இருக்கிறது.

கணக்கு வழக்கு
இரண்டும் போட வேண்டும். குடியிருக்கும் வீடு, 401(கே) மாதிரி ஓய்வுக் கணக்குகள் போன்றவைதான் விலக்கு. மனைக்கு இன்றைய சந்தை விலையில் கடன் போக உள்ளதை டாலரில் மாற்றிப் போடுங்கள். 60,000க்குக் கீழ் வருமானமுள்ளவர்களுக்குச் சொத்துக் கேள்வியே வராது என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது அரைகுறை. வரிப் படிவத்தோடு இணைக்கும் ஷெட்யூல் ஏ, பி, டி, ஈ, எஃப், எச் ஆகியவற்றில் எதையும் வைக்காதவருக்குத்தான் அது. இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் ஷெட்யூல் பி வைக்க வேண்டியிருப்பதால் நம்மவர்கள் பலருக்கு அந்தச் சலுகை உதவாது. ஆனால் உங்களுக்கு ஆறுதலான செய்தி: டாப் சொத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது, வருமானம் மட்டும்தான்.

பெயர் விஷயத்தில் ஸ்டூடன்ட் எய்ட் தளத்துக் கணக்கை சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து திறங்கள். இனிஷியலை விரிப்பது, முன்பெயரையும் பின்பெயரையும் மாற்றிப் போடுவது இரண்டும் சரிபார்ப்பில் தட்டிவிடும். உங்களுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒன்று. மனைவியோடு சேர்ந்து வரி தாக்கல் செய்யாவிட்டால் அவருக்கும் தனியாக ஒன்று. வரித் தகவலை எடுத்துக்கொள்ளும் ஒப்புதலை ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நுழைந்து கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுக்கவில்லையென்றால் விண்ணப்பம் போனது போலவே தெரியும், ஆனால் உதவியைக் கணக்கிடப் பயன்படும் எஸ்.ஏ.ஐ. எண் வராது.

பே ஏரியா சுபா
குறுக்கே ஒரு தகவல். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ஏசாப்பைத் தேட வேண்டாம், இங்கே 1969லிருந்து இ.ஓ.பி.எஸ். என்ற இதே மாதிரித் திட்டம் இருக்கிறது. அதற்கும் 12 யூனிட்தான் பொதுவான தகுதி. செமஸ்டருக்கு மூன்று முறை கவுன்சிலரைப் பார்க்க வேண்டும், புத்தக உதவி உண்டு. இந்த மாநிலத்தின் உதவித்தொகையான 'கால் கிராண்ட்' பி அல்லது சி பெறுபவர் 12 யூனிட்டுக்குப் பதில் 15 எடுத்தால், முடிப்பு ஊக்கத்தொகை செமஸ்டருக்கு 1,298லிருந்து 4,000 டாலர் வரை ஏறும். 14ல் நிறுத்துபவர்களுக்கு அந்த ஒரு யூனிட்டின் விலை தெரிவதில்லை.

வானதி
செந்தில் சார், கடைசியாக ஒன்று. மேஜரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயருக்குப் பின்னால் ஏ.ஏ., ஏ.எஸ். என்று இருக்கிறதா, ஏ.ஏ.எஸ். என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் கியூனியின் நாலாண்டுக் கல்லூரிக்கு மாறுவதற்கானவை. ஏ.ஏ.எஸ். நேரே வேலைக்குப் போவதற்கானது; அதிலிருந்து மாறினால் சில பாடங்கள் உதிரும்.

டாப் மொத்தம் எட்டு செமஸ்டர்தான். இரண்டாண்டுப் பட்டத்துக்கு அதில் அதிகபட்சம் ஆறு செலவழிக்கலாம். நாலு செமஸ்டரில் முடித்தால் குவீன்ஸ் காலேஜ், பாரூக் போன்ற நாலாண்டுக் கல்லூரிக்குப் போகும்போது நாலு மிச்சம் இருக்கும், ஆறில் முடித்தால் இரண்டுதான். அதனால் குளிர்கால வகுப்பில் ஒரு பாடம் எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம்.

ஜமைக்கா செந்தில்
பிரிவு வணிக நிர்வாகம், ஏ.எஸ். என்று இருக்கிறது. டாப் போடக் கடைசி நாள் எப்போது?

கணக்கு வழக்கு
2026-27 ஆண்டுக்கு 2027 ஜூன் 30. ஆனால் அவ்வளவு நாள் விடாதீர்கள். ஏசாப் அலுவலகம் தள்ளுபடியைக் கணக்கிட டாப் முடிவு கையில் வேண்டும். ஆகஸ்டில் பில் வரும்போது டாப் பதியாமல் இருந்தால் முழுக் கட்டணமும் மகள் பெயரில் நிற்கும். ஜூன் மாதத்துக்குள் இரண்டு விண்ணப்பங்களையும் முடித்துவிட்டு, கியூனியின் மாணவர் தளமான கியூனிஃபர்ஸ்ட்டில் செய்ய வேண்டியவை பட்டியலில் ஏதாவது ஆவணம் கேட்டிருக்கிறார்களா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.